துரை எழுதிய பக்கத்தின் கீழ்ப்பாதி

துரையைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டவர் அண்ணை. அண்ணை என்றால் என் கூடப்பிறந்தவர் அல்ல. என் சிநேகிதியின் கணவர். லண்டனில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர். அந்தச் சிநேகிதியை நான் அக்கா என்று கூப்பிடத் தொடங்கி முப்பத்து நான்கு வருடங்களாகின்றன. அவரும் கூடப்பிறந்தவர் அல்ல. ஆனால் இந்த நகரத்தில் நான் வேறு யாரையும் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

“நீர் கவுன்சிலில இவ்வளவு காலம் இருந்த ஆள். வெள்ளைக்காரன்ர ஒபிஸ் எழுத்து உமக்குத் தண்ணிபட்ட பாடு,” என்றார் அண்ணை. “ஏசண்டர் துரையைப் பற்றி மலருக்கு நாலு பக்கம் எழுதித் தாரும். நல்லதா எழுதும்.”

அந்த ‘நல்லதா’ என்ற சொல்லை அவர் இரண்டு தரம் சொன்னார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மலர் என்பது எங்கள் ஊர்க் கோயில் திருநாளை லண்டனில் கொண்டாடும்போது வெளியிடுகிற புத்தகம். கத்தோலிக்க வேதக்காரர்களான நாங்கள் சேர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். ஒவ்வொரு வருடமும் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஊரிலிருந்து வந்த ஒரு சுவாமியைப் பிடித்துப் பூசை வைத்து, மத்தியானம் சாப்பாடு, பின்னேரம் பிள்ளைகளின் நடனம், முடிவில் மலர். சொலிசிற்றர்மாரும் நகைக்கடைக்காரரும் கொடுத்த விளம்பரங்களால் அது கனக்கும். யாரும் அதை வாசிப்பதில்லை. தங்கள் படம் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது, மற்றவர் படத்தைவிடச் சின்னதாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஊருக்கு நூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை தெரு போட்டதும், நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டியதும் சங்கத்துக்குப் பெரிய பெருமை. அந்தக் கிணற்றை இன்றைக்கும் துரை கிணறு என்றுதான் சொல்கிறார்களாம்.

‘ஆம்’ என்று போடுவதற்குக் காரணம், நான் அந்த ஊரில் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. அது என் அப்பாவின் ஊர். அவர் பள்ளிக்கூட வாத்தியாராகி இளம் வயதிலேயே மன்னார் நகரத்துக்கு வந்துவிட்டார். நான் பிறந்தது அங்கேதான். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது கொன்வென்றில் ஒரு பிள்ளை, “உங்கட அப்பான்ர ஊரில நீங்கள் எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அவர் திருத்திக்கொண்டிருந்த கொப்பிகளை மூடி வைத்துவிட்டு என்னை முன்னால் இருத்தினார்.

“ஊரைக் கேட்டா ஊரைச் சொல்லு. எந்தப் பக்கம் எண்டு கேட்டா கோயிலடி எண்டு சொல்லு. அதுக்கு மேல ஒரு சொல்லுக் கதைக்காதை.”

அந்த ஊருக்கு இரண்டு பக்கம் இருந்தது. கோயிலடியில் காணிக்காரர், ஊர்த்தலைவரான விதானையாரின் குடும்பம், கோயில் மூப்பர்மார். கரையடியில் அவர்களுக்காகக் கூலிக்கு வலை இழுத்தவர்கள், வளவு துப்புரவாக்கியவர்கள், பின்வாசலால் போய்ச் சிரட்டையில் தேநீர் வாங்கிக் குடித்தவர்கள். நாங்கள் கரையடி. அப்பா தன் வாழ்நாளில் என்னிடம் சொன்ன ஒரே பொய் அதுதான். அதை அவர் பொய்யாக அல்ல, குடை கொடுப்பதுபோல என் கையில் கொடுத்தார்.

அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் லண்டனுக்கு வந்தேன். மனோர் பார்க்கில் ஒரு வீட்டில் நான்கு குடும்பங்கள் ஒரு குசினியைப் பங்குபோட்டு இருந்த காலம். என்னைக் கண்ட முதல் நாளே அக்கா ஊரைக் கேட்டார். சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்தது, அவருடைய ஊரும் அதுதான். உடனே அடுத்த கேள்வி: “ஊரில எவடம்?”

“கோயிலடி,” என்றேன்.

“அட, எங்கட ஆக்கள்!” என்று அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். அந்த அணைப்பை நான் குறைசொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு அவர் எனக்குச் செய்ததை ஒரு தாய் செய்திருக்க மாட்டாள். என் மகள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவர் அவர். என் கணவர் சாகமுன் ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து வாரமும் வேலைக்குப் போய்விட்டு நேரே அங்கேதான் வருவார். நான் பிளேஸ்டோவுக்கு வீடு மாறிய பிறகும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பஸ் எடுத்து வந்து, என் குசினியில் நின்று, நான் போட்ட கறிக்கு உப்புக் காணாது என்று சொல்லிவிட்டு, இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிடுவார். ஊர்க்காரரில் பாதிப்பேர் கனடாவில். மிச்சப்பேரைச் சண்டை திசைக்கொன்றாக எறிந்துவிட்டது. நான் யார் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. முப்பத்து நான்கு வருடம் அந்தப் பொய்யின் மேல் உட்கார்ந்து நிம்மதியாகச் சோறு தின்றேன்.

துரையின் தாள்கள் லண்டனிலேயே இருந்தன. அவருடைய சந்ததியார் யாரோ அவற்றை அட்டைப்பெட்டிகளில் அடைத்து ஒரு பழைய நூலகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். எனக்கு ஓய்வு கிடைத்திருந்தது, பஸ்ஸுக்கு இலவசப் பாஸும் இருந்தது. கிழமைக்கு இரண்டு நாள் போனேன். உள்ளே பேனா கொண்டுபோக விடமாட்டார்கள், பென்சில்தான். போனில் படம் எடுக்கலாம், ஆனால் சத்தம் வரக்கூடாது.

முதல் பெட்டியைத் திறந்த அரை மணித்தியாலத்தில் ஆளை எனக்கு விளங்கிவிட்டது. கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவில் இருபத்தேழு வருடம் இந்த மாதிரி ஆட்களோடு ஒரே மாடியில் இருந்தவள் நான். இருபத்து மூன்று வயதில் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறார். முதலில் யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், சின்ன உத்தியோகம். தமிழ்ப் பரீட்சையில் ஒரு முறை கோட்டை விட்டு இரண்டாம் முறை பாஸ். பிறகு மன்னார்க் கரையோரம் முழுவதற்கும் அவர்தான் அதிகாரி, ஊர் வாயில் ஏசண்டர். இடமாற்றம் கேட்டுக் கடிதம், லீவு கேட்டுக் கடிதம், தன்னோடு வந்தவருக்குத் தனக்கு முன்னால் பதவி உயர்வு கிடைத்ததைப் பற்றி மிக மரியாதையான, வயிற்றெரிச்சல் பிடித்த ஒரு கடிதம். பல்வலி. குதிரைக்குக் காலில் புண். நுளம்புக்கடி, நுளம்புக்கடி, நுளம்புக்கடி. கடைசியில் கொழும்பில் பெரிய கதிரை, ஒரு பதக்கம், பென்ஷன், இங்கிலாந்தின் தெற்குக் கரையில் ஒரு வீடு. அங்கே இருந்துகொண்டு தெருச் சாக்கடை நாறுகிறது என்று நகரசபைக்குப் புகார் எழுதியிருக்கிறார். பதில் வரவில்லை என்று மறுபடியும் எழுதியிருக்கிறார். வாழ்க்கை முழுவதும் மற்றவர்களின் மனுவைத் தள்ளிவைத்தவர் கடைசியில் மனு எழுதிக்கொண்டே செத்துப்போனார். அதை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அவரைக் கொடியவர் என்று சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. யாரையும் அடிக்கவில்லை, சுடவில்லை. அம்மை பரவியபோது மருந்தோடு தானே மாட்டு வண்டியில் போயிருக்கிறார். தெருவும் கிணறும் உண்மை. ஒவ்வொரு நாளும் எங்கே போனேன், யாரைக் கண்டேன், என்ன உத்தரவு போட்டேன் என்று நாட்குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். அதன் பிரதிதான் பெட்டியில் இருந்தது. நான்காவது கிழமை எங்கள் ஊருக்கு அவர் வந்த நாள் என் கையில் அகப்பட்டது.

ஒரே பக்கம். மேல்பாதி அழகு. இந்தக் கரையில் தான் கண்ட ஊர்களில் இதுவே மிகத் துப்புரவானது. கோயிலடி மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். விதானையார் வீட்டில் நண்டு சமைத்துத் தந்தார்கள். அப்படி ஒரு நண்டை வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. அண்ணை கேட்ட ‘நல்லது’ இதுதான் என்று எனக்குத் தெரிந்தது.

கீழ்ப்பாதியில், நண்டு சாப்பிட்ட பிறகு விசாரித்த ஒரு மனு. கரையடி ஆட்கள் கொடுத்தது. ஊரில் யாராவது இறந்தால் கோயிலின் பெரிய மணியைத் துக்கத்துக்கு அடிப்பார்கள். கரையடியில் சாவு விழுந்தால் அடிக்கமாட்டார்கள். தங்கள் சாவுக்கும் மணி அடிக்க வேண்டும் என்பதுதான் மனு. முதலாவதாகப் பெயர் எழுதியவரைத் துரை விசாரணை நடந்த மரத்தடிக்குக் கூப்பிட்டு, செத்தவனுக்கு மணி எதற்கு என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் சொன்ன பதிலைத் துரை விவரமாகவே எழுதியிருந்தார். நாங்கள் விடியமுன் கடலுக்குப் போகிறவர்கள். மணி கேட்டால் கரையில் சாவு என்று தெரிந்து திரும்பி வருவோம். வெயிலில் பிரேதம் வைத்திருக்க முடியாது, அன்றைக்கே அடக்கம். போன மாதம் நான் கடலில் நிற்க என் தாய் செத்துப்போனாள். வந்து சேர்ந்தபோது மண் போட்டு முடித்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை.

கேட்பது நியாயம் என்று துரையே எழுதியிருந்தார். அடுத்த வரியில், விதானையாரும் சுவாமியும் அது வழமை இல்லை என்கிறார்கள், ஆகவே வழமைப்படி நடக்க உத்தரவிட்டேன். மனுக்காரர் அடக்கமில்லாதவர், உத்தரவு வாசித்த பிறகும் நான் புறப்படும்வரை மரத்தடியை விட்டுப் போகவில்லை.

அந்த மனுக்காரரின் பெயரும், அடைப்புக்குறிக்குள் அவருடைய சாதியும் தெளிவான எழுத்தில் இருந்தன. அது என் அப்பப்பாவின், என் அப்பாவின் தகப்பனின், பெயர். ஒரு புனிதரின் பெயரோடு ஒரு கடற்கரைப் பெயரைச் சேர்த்துக் கட்டிய பெயர். அப்படி ஒரு பெயர் உலகத்தில் இரண்டு பேருக்கு இருக்க முடியாது. பெயரைத் தவிர அப்பா அவரைப் பற்றி எதுவுமே சொன்னதில்லை. வீட்டில் ஒரு படம்கூட இருந்ததில்லை. அறுபத்து நான்கு வயதில், ஒரு வெள்ளைக்காரனின் கையெழுத்தில், நான் என் அப்பப்பாவை முதல் தடவையாகக் கண்டேன். நூலகத்தில் அழக்கூடாது என்று சட்டம் இல்லை. பக்கத்தில் இருந்த பெண் தன் கைக்குட்டையைத் தந்தாள்.

இன்னும் இரண்டு பக்கம் தள்ளினால் மேலதிகாரியின் குறிப்பு. பொலிசைக் கூப்பிடாமல் கரையோரத்தை அமைதியாக வைத்திருப்பதற்குப் பாராட்டு. அதற்கடுத்த மாதம் துரைக்குப் பதவி உயர்வு. மலைநாடு, குளிர், நுளம்பு இல்லை. நண்டு தின்ற வீட்டுக்காரர் சொன்னதை வழமை என்று எழுதினார். எழுதியதால் அது வழமையாகிவிட்டது. எனக்குப் பொங்கி வந்தது. ஆனால் நானும் நல்லவள் போல நடிக்க முடியாது. ஒரு பிள்ளையோடும் ஒரு பையோடும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்களுக்கு, உங்கள் நிலைமை விளங்குகிறது, ஆனால் விதி இப்படி என்று இருபத்தேழு வருடம் எழுதி அனுப்பியவள் நான். அவர்களில் யாராவது வெளியே மரத்தடியில் நின்றார்களா என்று நான் எட்டிப் பார்த்ததில்லை.

கட்டுரையில் நான் என்ன எழுதினேன்? தெரு. கிணறு. அம்மை மருந்து. நண்டு. மணியைப் பற்றி ஒரு வரி இல்லை. அண்ணைக்குக் கட்டுரை மிகவும் பிடித்துவிட்டது. “அசல்!” என்றார். நாட்குறிப்பின் படமும் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று கேட்டார். மேல்பாதியை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் அனுப்பினேன். மலரை வடிவமைக்கிறவர் சென்னையில் இருக்கிறார். நான் அவரைக் கண்டதில்லை. படம் மங்கலாக இருக்கிறது, முழுப்படத்தை ஈமெயிலில் அனுப்புங்கள் என்று செய்தி வந்தது. அனுப்பினேன். மேல்பாதி மட்டும் போடவும் என்று எழுதியும் விட்டேன். போன் கமெராவில் எடுத்ததை அங்கேயே மறுபடியும் வெட்டி அனுப்ப இரண்டு நிமிடம் பிடித்திருக்கும். ஏன் செய்யவில்லை என்று இப்போதும் என்னையே கேட்கிறேன். பேருக்கு நான் கவனமானவள்.

திருநாள் நடந்தது. பூசை, சோறு, நடனம். மேடையில் என் பெயரைச் சொல்லிப் பொன்னாடை போட்டார்கள். எல்லோரையும்போல நானும் மலரை வாசிக்கவில்லை. கொண்டுவந்து அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வந்தார், ஆனால் சாப்பிடவில்லை.

“சுகர் கூடிப்போச்சு. டொக்டர் பேசினவர்,” என்றார்.

தேநீரும் வேண்டாம். கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தார். நான் ஒரு மடைச்சி. அதை அப்படியே நம்பி, அடுத்த வெள்ளிக்கு ஈஸ்ட் ஹாம் வரை போய்க் குரக்கன் மா வாங்கிவந்து புட்டு அவித்து வைத்தேன். வயிறு சரியில்லை என்றார். அதற்கடுத்த வெள்ளி வரவில்லை. போனில் கேட்டால் முழங்கால் நோ. அதோடு இன்னொன்றும் கவனித்தேன். முப்பது வருடமாக என்னை ‘நீ’ என்றவர், “நீர் சுகமா இருக்கிறீரோ?” என்று கேட்டார். ஒரு பிறந்தநாள் வீட்டில் அவரைத் தூரத்தில் கண்டேன். கையில் தட்டு, தட்டில் இரண்டு துண்டு கேக். என்னைக் கண்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு யாரோடோ கதைக்கத் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மலரை எடுத்துப் பிரித்தேன். என் கட்டுரைக்கு எதிரே, ஒரு முழுப்பக்கத்துக்கு, மேலும் கீழும் பூவேலைக்கரை போட்டு, துரையின் பக்கம் முழுவதும் அச்சாகியிருந்தது. பழைய எழுத்து வடிவாக இருக்கிறது என்று அந்தச் சென்னைக்காரர் நினைத்திருப்பார். அவரைக் குறைசொல்லி என்ன? அந்த வளைந்து நெளிந்த ஆங்கிலக் கையெழுத்தை யார் உட்கார்ந்து வாசிக்கப்போகிறார்கள்?

வாசிக்கக்கூடியவர் ஒருவர் இருந்தார். அண்ணை ஊரில் நொத்தாரிசுக்குக் கிளாக்காக இருந்தவர். பழைய காணி உறுதிகளைக் கண்ணாடி வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தே சீவித்தவர். சரி, வாசித்தார், அது என் அப்பப்பா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதற்கும் நான்தான் காரணம். பதினெட்டு வருடங்களுக்கு முன் அப்பா மன்னாரில் இறந்தபோது, இங்கே முப்பத்தோராம் நாள் பூசைக்கு மரண அறிவித்தலும் நினைவுமலரும் எழுதித் தந்தவர் அண்ணை. எங்கள் சனம் அறிவித்தல் எழுதினால் செத்தவரின் தாய் தகப்பன் பெயரில்தான் தொடங்கும். அவர் பேனாவோடு கேட்டார், நான் அழுத அழுகையில் அப்பப்பாவின் பெயரை உள்ளபடியே சொன்னேன். அந்த நினைவுமலரின் ஒரு பிரதி அக்காவின் செபப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?

அந்த ஞாயிறு மகள் போன் எடுத்தாள். அவள் லீட்ஸில் இருக்கிறாள், ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் ஐந்து மணிக்கு எடுப்பாள். அப்போது அவள் நான்கு மாதக் கர்ப்பிணி. பெரியம்மா ஏன் வருவதில்லை என்று கேட்டாள். எனக்கு இருந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோயிலடி, கரையடி, சிரட்டை, மணி, கடலில் நின்றவர், பார்க்காத முகம். அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள். இதைக் கேட்டு வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆங்கிலத்தில், “அம்மா, ஒரு அரசாங்கத்துக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறார், அதை ஏன் இவ்வளவு காலம் ஒளித்து வைத்தாய்?” என்றாள். பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கினாள். கணவனுக்குக் காட்டினாள், வேலைத்தலத்தில் காட்டினாள். மூன்று கிழமை கழித்து, பிறக்கப்போவது ஆண்பிள்ளை, பூட்டனின் பெயரை வைக்க முடிவுசெய்துவிட்டோம் என்றாள். அந்த நீளப் பெயரை அவள் உச்சரித்த விதத்தைக் கேட்டு நான் சிரித்தேன். அக்கா இல்லாத அந்த மாதங்களில் நான் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

அக்கா இல்லாமல் இருப்பது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வரும். இரண்டு பேருக்கு அளந்து அரிசி போட்டுவிடுவேன். பழைய கிழவிக்கு இவ்வளவு ரோசமா, போகட்டும் என்று திட்டுவேன், பிறகு போனைப் பார்ப்பேன். சங்கத்து ஆட்கள் கோயிலில் கண்டால் தலையசைத்துவிட்டு நடந்தார்கள். அவர்கள் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அக்கா ஒருவர் வந்தால் போதும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டேன்.

மாதா கேட்டுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், சொல்லாமல் கொள்ளாமல், அக்கா தனியாக வந்து கதவைத் தட்டினார். மெலிந்திருந்தார். குசினி மேசையில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து தட்டெழுத்தில் அடித்த ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“இதில ஒரு கையெழுத்துப் போட்டுவிடு.”

திருத்தம் என்று தலைப்பு. மலரில் வெளியான நாட்குறிப்புப் பக்கத்தில் காணப்படும் மனுக்காரரின் பெயர் கட்டுரையாளரின் பாட்டனாருடைய பெயரை ஒத்திருப்பது தற்செயலானது என்றும், அவருக்கும் கட்டுரையாளரின் குடும்பத்துக்கும் எவ்வித உறவும் இல்லை என்றும், ஏற்பட்ட குழப்பத்துக்கு வருந்துவதாகவும் எழுதியிருந்தது. அண்ணையின் நடை. உறுதி எழுதியே பழகிய கை.

“அக்கா, உங்களுக்கு உண்மை தெரியும்.”

“எனக்கு ஒண்டும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.” அக்கா தாளை இன்னும் என் பக்கம் தள்ளினார். “கமிட்டியில எல்லாருக்கும் முன்னால எழும்பிச் சொன்னனான், அவள் எங்கட ஆள், அது வேற ஆரோ எண்டு. மாதாவில சத்தியம் பண்ணினனான். இந்த வயசில பொய்ச் சத்தியம். உனக்காகத்தான்.”

அவர் அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. திட்ட வந்திருந்தால் நான் திட்டியிருப்பேன்.

“நான் போடாட்டி?”

“நான் என்ன செய்யிறது, சொல்லு? அவர் விடமாட்டார். பேத்திக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கினம். நான் இஞ்ச வந்து போனா அவையள் கேப்பினம். பேந்து என்னால வர ஏலாது. பிள்ளைப்பெறுவுக்கு ஆர் போறது? உன்ர மகளுக்குச் சரக்கு அரைச்சுக் குடுக்க உனக்குத் தெரியுமே?”

தெரியாது. பிள்ளை பெற்றவளுக்கான அந்த மருந்துக் கறியை எனக்குச் செய்து தந்தவரே அக்காதான்.

“அவர் தாயின்ர முகத்தைப் பாக்கேல்லை அக்கா,” என்றேன். மணி எதற்காகக் கேட்டார் என்று சொன்னேன். கடலில் நின்றதைச் சொன்னேன். மரத்தடியில் நின்றதைச் சொன்னேன். மகள் தன் பிள்ளைக்கு அந்தப் பூட்டனின் பெயரை வைக்கப்போவதைச் சொன்னேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

“பாவம்,” என்றார். “பாவம்தான். ஆனா அந்த மனுசன் செத்து எத்தினை வருசம். நாங்கள் உயிரோட இருக்கிறமல்லோ?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. இன்றைக்கு நூறு பதில் சொல்லுவேன். அன்றைக்கு அந்த மேசையில், மூன்று மாதத்துக்குப் பிறகு அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். தலையில் எண்ணெய் வாசம் வந்தது. நான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை.

அக்கா தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைக்கும்போது போன் அடித்தது. ஐந்து மணி. எனக்கு இடது காது மந்தம், ஆகவே எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவேன். அக்கா நான் தடுக்கமுன் குனிந்து, “பிள்ளை, எப்பிடி இருக்கிறாய்?” என்றார்.

“பெரியம்மா!” என்று மகள் கத்தினாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு பேரும் காலில் வீக்கம், நெஞ்செரிவு என்று கொஞ்ச நேரம் கதைத்தார்கள். பிறகு அக்கா, மிகவும் அன்பாக, “அந்தப் பூட்டன்ர விசயம் பிழையாம் பிள்ளை. அது வேற ஆரோவாம். அம்மாவே எழுதித் தந்திட்டா,” என்றார்.

மகள் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், சொல் சொல்லாகக் கேட்டாள்.

“அம்மா? அவர் எங்கட ஆள் இல்லையா?”

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிரட்டவில்லை. கெஞ்சுவதுபோலத்தான் பார்த்தார்.

“இல்லைப் பிள்ளை,” என்றேன். “அவர் ஆரோ. எங்களுக்குத் தெரியாது.”

“ஓகே அம்மா,” என்றாள் மகள். “அப்ப நாங்கள் வேற பேர் பாக்கிறம்.”